டெல்டாவுக்கு எந்த சைக்கிள்: கியர் வண்டியா, கம்பி பிரேக் வண்டியா?

சைக்கிள் வாங்கப் போகிறேன், கியர் வைத்ததா சாதாவா என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருமே என்னைப் போல நாற்பதைத் தாண்டி, சர்க்கரை எட்டிப் பார்த்து, டாக்டர் "நடங்க, இல்லைன்னா சைக்கிளாவது மிதிங்க" என்று சொல்லி அனுப்பிய ஆட்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டையும் வைத்து ஓட்டியிருக்கிறேன். முதலில் வாங்கியது கியர் வண்டி. முன்னால் 3, பின்னால் 7, மொத்தம் 21 கியர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முன்பக்கம் ஷாக் அப்சார்பர். 14 மாதம் ஓட்டிவிட்டு விற்றேன். இப்போது இருப்பது 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பழைய ரகம்), முழு செயின் கவர், கேரியர் எல்லாம் வைத்த கருப்பு வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பால்காரர் வண்டி என்று என் மகள் கிண்டல் செய்கிறாள். என் ஓட்டு பால்காரர் வண்டிக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், சாதா வண்டி குறைவு, அவ்வளவுதான். எடை 20 கிலோவுக்கு மேல் வரும். வரட்டும், தலையில் தூக்கிக்கொண்டா போகப் போகிறோம்?

கியருக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் பாலம் ஏறுகிற இடம்தான். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும், அந்தப் பாலங்களைக் கழித்துவிட்டால் மீதி எல்லாம் தாம்பாளம் மாதிரி சமதரை. 21 கியரில் நான் உண்மையிலேயே பயன்படுத்தியது இரண்டோ மூன்றோ. என் கருப்பு வண்டியில் முன்பல் 44, பின்பல் 18. ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும், நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர். காலையில் வேர்க்க இது போதும். பாலம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பேன், கியரைக் குறைத்துச் சோம்பேறித்தனம் பண்ண வழியே இல்லை.

ஆனால் ஆடி மாதம் மேற்கே, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்ப் பாருங்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, நான் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தேன். அந்த எதிர்காற்றில் கியர் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

சரி, நான் மாறியதற்கு உண்மையான காரணம் கியரும் இல்லை, காற்றும் இல்லை. வைக்கோல்.

தை, மாசியில் சம்பா அறுப்பு நேரத்தில் நம் ரோடுகள் எப்படி இருக்கும் என்று தெரியும். பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும், அறுவடை மிஷினும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறி வந்த இடத்தில் கட்டி கட்டியாகச் சேறு. அப்படி ஒரு காலையில் வைக்கோல் மேல் ஏறிப் போனேன். பின்சக்கர அச்சுக்குக் கீழே, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளும் டிரெய்லர் (derailleur) என்ற சாமான் தொங்குமே, அதன் இரண்டு குட்டிச் சக்கரங்களில் வைக்கோல் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. கனமாக இருக்கிறதே என்று இன்னும் ஓங்கி மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டிரெய்லர் முறுக்கிக்கொண்டு போக்ஸ் கம்பிக்குள் நுழைந்து நிற்கிறது, மூன்று கம்பி காலி.

தள்ளிக்கொண்டே தெருமுனைக் கடைக்கு வந்தேன். மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார், கையைத் துணியில் துடைத்தார், தொடவில்லை. "இது நம்ம கைக்கு வராது தம்பி, தஞ்சாவூர் கொண்டு போயிருங்க" என்றார். குட்டியானையில் ஏற்றிப் போனேன். அங்கே சொன்னார்கள், டிரெய்லரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிட்டதாம். ஃப்ரேம் கெடாமல் இருக்க அது முதலில் வளைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்களாம். நல்ல யோசனைதான், ஆனால் மாடலுக்கு மாடல் அந்தத் துண்டு மாறும், என் வண்டிக்கு உரியது கடையில் இல்லை. ஆர்டர் போட்டு வந்து சேர 9 நாள். அந்த 9 நாளும் நான் நடக்கவும் இல்லை. பழக்கம் விட்டுப்போய், வண்டி வந்த பிறகும் இரண்டு வாரம் சுவரில் சாய்ந்தே கிடந்தது. உடற்பயிற்சிக்கு வாங்கிய வண்டியில் இதைவிடப் பெரிய ரிப்பேர் இல்லை.

கருப்பு வண்டியில் செயின் முழுக்க கவருக்குள் இருக்கிறது. வைக்கோலுக்கு அங்கே வேலை இல்லை, வேட்டி நுனிக்கும் வேலை இல்லை. இதுவரை செலவு என்று பார்த்தால் இரண்டு பஞ்சர், ஒரு காட்டர் பின், ஒரு வால்வு டியூப். எல்லாம் அதே தெருமுனையில், நின்று ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்தது. அட்லஸ் சைக்கிள் கம்பெனி 2020 ஜூனில் தன் கடைசித் தொழிற்சாலையை மூடிவிட்டது, ஆனாலும் அந்த வண்டிக்காரர்கள் யாரும் சாமானுக்கு அலையவில்லை, இந்த ரகத்தில் பெரும்பாலும் ஒரு கம்பெனி சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தும். போதாக்குறைக்கு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளும் கியர் இல்லாத சாதா வண்டிதான். ஊருக்கு ஊர் அந்த வண்டிகள் ஓடும்வரை அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கையும் இருக்கும்.

பிரேக்கில் மட்டும் கருப்பு வண்டி தோற்றது, அதை மறைக்க முடியாது. கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கம் அழுத்திப் பிடிக்கிறது, ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். கடைத்தெருவில் மழை பிடித்தால் நான் இறங்கித் தள்ளிவிடுகிறேன். டிஸ்க் பிரேக் அந்த விஷயத்தில் ராஜா. பின்டயர் மாற்ற வேண்டியிருந்தாலும் செயின் கவரைக் கழற்றி மாட்டும் வேலை இருக்கிறது, மெக்கானிக் அண்ணனே முணுமுணுப்பார்.

ஒரே மூச்சில் 30 கிலோமீட்டருக்கு மேல் நான் போனதில்லை, அதற்கு மேல் போகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், பாலம் ஏறும்போது முழங்காலில் சுமை விழுவது எனக்கே தெரிகிறது. கியரும் இல்லாமல் கம்பி பிரேக்கும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு ரகம் வருகிறதே, அதை ஒரு மாலை மட்டும் கடன் வாங்கி ஓட்டினேன். நன்றாகவே இருந்தது, செயின் மட்டும் பாதி வெளியே தெரிந்தது.

கியர் வண்டியை வாங்கியது வல்லத்துப் பையன், கல்லூரியில் படிக்கிறான். அந்தப் பக்கம் மேட்டு நிலம், ஏற்ற இறக்கம் உண்டு, கியருக்கு அங்கே வேலை இருக்கிறது. வாங்கிய விலையில் பாதிகூட எனக்குத் தேறவில்லை. போன வாரம் போன் செய்து, "அண்ணே, இதுக்கு ஹேங்கர்னு ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். கடையைச் சொன்னேன். வாங்குவதுதான் வாங்குகிறாய், இரண்டாக வாங்கி வைத்துக்கொள் என்றும் சொன்னேன்.