எஸ்டிஎம் பிரேக் ஜங்ஷன்: சில வருடம் ஓட்டிய பிறகு

ஒற்றை மூலக்கூறில் மின்கடத்தல் மட்டும் அளந்தால் போதும் என்பவர்கள் தயங்காமல் இந்த செட்டப்பைக் கட்டலாம்: எஸ்டிஎம் (ஊடுருவு மின்னோட்ட வருடு நுண்ணோக்கி) ஊசியைத் தங்கத்தில் முட்டவிட்டு இழுத்து, அறுபடும் இடைவெளியில் மூலக்கூறைப் பிடிப்பதுதான் இது. வெப்பமின் அளவீடும் (வெப்பநிலை வித்தியாசத்தால் எழும் மின்னழுத்தம்) வேண்டும் என்றால் பொறுமை நிறைய வேண்டும், ஆனாலும் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

முறை 2003-இல் ஷூவும் டாவோவும் காட்டியதேதான். 0.25 மி.மீ. தங்கக் கம்பியைக் கட்டரால் வெட்டினால் அதுவே ஊசி, மெருகெல்லாம் வேண்டாம். தங்கப் படலத்தில் முட்டவிட்டு பியெசோவால் (மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுணுக்கமாக நீளும், சுருங்கும் பொருள்) மெல்ல இழுத்தால் கடத்துதிறன் படிப்படியாக இறங்கி, கடைசி ஒற்றை அணுவில் 77.5 மைக்ரோசீமென்ஸ் பக்கம் கொஞ்சம் நின்று அறுந்துவிடும். இடைவெளியில் மூலக்கூறு மாட்டியிருந்தால் அதற்கும் கீழே இன்னொரு படி தெரியும். பல தடவை ஒன்றும் மாட்டாது. ஆயிரக்கணக்கான இழுப்புகளைச் சேர்த்து ஹிஸ்டோகிராம் போட்டால்தான் உச்சம் எழும். புது மூலக்கூறை விடும் முன் வெறும் கரைப்பானில் ஓட்டிப் பாருங்கள், அதிலேயே மேடு தெரிந்தால் ஊசியிலோ படலத்திலோ அழுக்கு இருக்கிறது.

தலைவலி, வெப்பமின் அளவீட்டுக்காக ஒரு பக்கத்தைச் சூடாக்க ஹீட்டரைப் போட்டதும் ஆரம்பிக்கும். எல்லாமே விரியும், ஊசி நகர்ந்துகொண்டே இருக்கும், வெப்பநிலை நிலைக்கும்வரை எடுத்த டேட்டா குப்பைதான். இத்தனைக்கும் கெல்வினுக்கு 10 மைக்ரோவோல்ட் சீபெக் கெழு (ஒரு கெல்வின் வித்தியாசத்துக்கு எழும் மின்னழுத்தம்) உள்ள மூலக்கூறு 10 கெல்வின் வித்தியாசத்தில் தருவது வெறும் 100 மைக்ரோவோல்ட்! ஊசி, மூலக்கூறு, படலம் சேர்ந்த சந்தியின் தடை ஒரு ஜிகாஓம் என்றால் 100 பிகோஃபாரட் கேபிள் சார்ஜ் ஆகவே பத்தில் ஒரு நொடி பிடிக்கும், அதுவரை சந்தி அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். அதனால் நாங்கள் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு, பயஸை, அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்தை, சுழியமாக்கி வெப்பமின்னோட்டத்தை அளக்கிறோம், கடத்துதிறன் 77.5 நானோசீமென்ஸ் உள்ள மூலக்கூறில் அதே 100 மைக்ரோவோல்ட் 8 பிகோஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். பக்கத்து அறையில் பம்ப் ஓடாத ராத்திரியில்தான் அது நம்பும்படி வரும். தங்கத்தின் சொந்தக் கெழுவே கெல்வினுக்கு ஏறக்குறைய 2 மைக்ரோவோல்ட் என்பதால் அந்தத் திருத்தத்தையும் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சீபெக் கெழு நேரா எதிரா என்ற குறிக்காக. கடத்துதிறன் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால், மின்னோட்டத்துக்கு வழிவிடுவது எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டாலா (மூலக்கூறின் ஆற்றல் மட்டம்) காலியானதா என்று பிடிபடாது. 2007-இல் பெர்க்லி குழு ஒரு வளையம் உள்ள பென்சீன்டைதயாலுக்கு நேர்க்குறியில் கெல்வினுக்கு 8.7 மைக்ரோவோல்ட் அளந்தது, அதே வகையில் மூன்று வளையம் உள்ளதற்கு 14.2. நேர்க்குறி என்றால் ஃபெர்மி மட்டத்துக்கு (தங்கத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லை) நெருக்கமாக இருப்பது ஹோமோ, அதாவது நிரம்பியவற்றில் மிக உயர்ந்த ஆர்பிட்டால். பைபிரிடினில் குறி மாறும், அங்கே லூமோ, அதாவது காலியானவற்றில் மிகத் தாழ்ந்தது. கணக்கீடு செய்யும் நண்பர்களோடு வாதாட இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

வெப்பக் கடத்தலையும் இதிலேயே அளக்கலாமா என்றால், முடியாது. அது கெல்வினுக்குப் பிகோவாட் கணக்கு. 2019-இல் மிச்சிகன் குழு அதை அளந்தது உயர் வெற்றிடத்தில், அதற்கென்றே செய்த கலோரிமீட்டர் ஊசிகளை வைத்து. முதல்முறை கட்டுபவர்கள் அந்தப் பணத்தை நல்ல மின்னோட்ட ஆம்ப்ளிஃபயருக்கும் அதிர்வுதாங்கி மேசைக்கும் போடுங்கள்.