ஏழு மில்லி விநாடியிலிருந்து முப்பத்தொன்று வரை: ஒரு ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கியுடன் ஆறு ஆண்டுகள்

மலேசியாவில், எனக்குப் பக்கத்து ஊரான பீடோரில் இருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பி, “அண்ணே, விலை நல்லா இறங்கியிருக்கு, எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார். நான் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கும் அதே வகைத் தொலைநோக்கிதான், ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் ஒற்றைச் சிவப்பு ஒளியில் மட்டும் சூரியனைக் காட்டுவது: 40 மில்லிமீட்டர் வாய், 400 மில்லிமீட்டர் குவியத் தூரம், உள்ளே விடும் அலைநீளப் பட்டையின் அகலம் 0.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). 2019 மார்ச்சில் நான் 3,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வாங்கியதை அவருக்கு 1,900 வெள்ளிக்குத் தருகிறார்களாம். ஒரே வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தவன், பழைய குறிப்பேட்டைப் புரட்டப்போய், அடங்கியிருந்த கோபம் மறுபடியும் கிளம்பிவிட்டதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

இந்த வகைத் தொலைநோக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எட்டலான் என்ற அதன் முதன்மை வடிகட்டியைப் பற்றியே பேசுவார்கள். அது நியாயம்தான். மிகத் துல்லியமாகத் தேய்த்த இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் மோதி, சீப்பின் பற்களைப் போல, ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்றாக மெல்லிய அலைநீளங்களை மட்டும் வெளியே விடுகிறது. அந்தப் பற்களில் ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குரிய 6562.8 ஆங்ஸ்ட்ராமில் நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது பின்னால் உள்ள தடுப்பு வடிகட்டியின் வேலை. அதற்கும் துணையாக, கண்ணருகே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய இன்னொரு கண்ணாடி இருக்கிறது. மெல்லிய உலோகப் படலத்தை வேறு படலங்களுக்கு நடுவே வைத்துச் செய்யப்பட்ட அது, வெப்பக் கதிரையும் வேண்டாத மற்ற ஒளியையும் திருப்பி அனுப்பிக் கண்ணைக் காக்கிறது. விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறாத அந்தத் துண்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அதன் ஓரத்துப் பசை வழியாக ஈரம் உள்ளே புகுந்தால் உலோகப் படலம் கறுக்கத் தொடங்கும். நான் இருப்பதோ தாப்பாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டும் இடத்தில்.

இது ஒரே நாளில் கெட்டிருந்தால் நான் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் படம் எடுக்கும்போது, சூரியத் தட்டு திரையில் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிவதற்கு எத்தனை மில்லி விநாடி தேவைப்பட்டது என்பதைக் குறித்து வைப்பது என் பழக்கம். கேமராவும் அதன் ஒளிப் பெருக்கமும் (கெயின்) இந்த ஆறு ஆண்டுகளில் மாறவில்லை. 2019இல் 7. 2021இல் 9. 2023 இறுதியில் 16. 2024 மே மாதம் 31. எண்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்லை. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் புகைமூட்டத்தைக் குற்றம் சொன்னேன். சுமத்திராவிலிருந்து வரும் புகை எதற்கும் பொறுப்பேற்கும். பிறகு கேமராவை. பிறகு எட்டலானே சுருதி விலகிவிட்டதோ என்று ஐயப்பட்டேன், அதற்குக் காரணமும் இருந்தது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறி, கேமரன் மலையில் தானா ராத்தாவுக்குக் கருவியைக் கொண்டுபோன நாளில், சூரியத் தட்டின் மேலிருக்கும் கருநிற இழைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை, வெறும் சிவப்பு நாணயம்தான் தெரிந்தது. என் எட்டலானின் தட்டுகளுக்கு இடையில் இருப்பது காற்று. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் வடிகட்டியின் அலைநீளம் கால் ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நீலப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எட்டலானின் தட்டைச் சாய்க்கும் வளையமும் நீலப் பக்கமே நகர்த்தக்கூடியது என்பதால், மலையில் சாய்வைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு முற்பகல் ஆனது, வளையத்தை நேர்மாறாகத் திருகிக்கொண்டிருந்தேன். சரிசெய்த பிறகு இழைகள் திரும்பின, மங்கல் மட்டும் திரும்பிப் போகவில்லை.

கடைசியாக என் கண்ணைச் சந்தேகித்தேன். ஈப்போவில் காட்டியபோது கண்ணில் புரை தொடங்கியிருப்பது உண்மைதான் என்றார்கள். இதோ காரணம் என்று நிம்மதியாக வீடு திரும்பி, மூன்று நாள் கழித்துத்தான், கேமராவுக்குப் புரை வராது என்பது உறைத்தது.

மங்கினால் என்ன, சற்று நேரம் கூட்டி எடுத்தால் போகிறது என்று ஒருவர் கேட்கலாம். இரவு வானத்துக்கு அது பொருந்தும். பகலில், வெயிலில் காய்ந்த கூரைகளுக்கும் தார்ச்சாலைக்கும் மேலே எழும் காற்று படத்தை ஓயாமல் நெளியச் செய்கிறது. அந்த நெளிவுக்குள் ஒரு கணத்தைப் பிடிக்கத்தான் ஆயிரம், இரண்டாயிரம் சட்டங்களாகக் காணொளி எடுத்து, அவற்றில் நல்ல பத்து விழுக்காட்டை மட்டும் மென்பொருளில் அடுக்குகிறோம். ஒவ்வொரு சட்டமும் 7 மில்லி விநாடியாக இருந்தால் நெளிவு உறைந்து நிற்கும். 31 ஆனால் எல்லாச் சட்டங்களும் ஒரே மாதிரி குழைந்துவிடும், அவற்றுள் நல்லதைத் தேடி எடுக்க எதுவும் இருக்காது. கேமராவின் பெருக்கத்தைக் கூட்டினால் மணல் தூவியது போல் ஆகிறது.

எனக்கு ஆறாத மனக்குறை இதில்தான். நான் இதை வாங்கியது 2019 டிசம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணத்துக்காக. அப்போது வடிகட்டி புத்தம் புதிது. சூரியனோ தன் 11 ஆண்டுச் சுழற்சியின் அடிமட்டத்தில் கிடந்தது, 25ஆவது சுழற்சி தொடங்கியதே அந்த டிசம்பரில்தான். பளபளக்கும் கண்ணாடி வழியாக நான் மாதக்கணக்கில் பார்த்தது ஒரு கரும்புள்ளிகூட இல்லாத தட்டை. சூரியன் மெல்ல விழிக்க விழிக்க என் கண்ணாடி மெல்லக் கண்மூடியது. 2024 மே மாதம் 13664 என்ற எண்ணிட்ட புள்ளிக்கூட்டம் பூமியைப் போல் ஏறத்தாழ பதினைந்து மடங்கு அகலத்துக்கு விரிந்து, 10ஆம் நாள், 2003க்குப் பிறகான மிகக் கடுமையான புவிக்காந்தப் புயலைக் கிளப்பியபோது, நான் தோட்டத்துச் சாலையோரம் முக்காலியை வைத்து எடுத்தவை அத்தனையும் அந்த 31 மில்லி விநாடிப் படங்கள். வட்டிலில் கொட்டிய சாம்பார் போல இருக்கின்றன. அழிக்கவும் மனமில்லை.

பழுதைக் கடைசியில் கண்டுபிடித்தது கைவிளக்குத்தான். கருவியைச் சூரியனிடமிருந்து திருப்பி, கண்வில்லையைக் கழற்றி, அந்தத் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். சீராக மின்ன வேண்டிய கண்ணாடி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் பாசி படர்ந்த சிமெண்டுத் தரை போல் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். கருவியை உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிக் கையேட்டில் அச்சிட்டிருப்பதாகப் பதில் வந்தது. உலர்ந்த இடம்! மழை நின்ற மறுநாள் தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கிற ஊரில் இருப்பவனிடம்!

நியாயமாகச் சொல்வதென்றால், அவர்கள் விற்காத தீர்வு சந்தையில் இருக்கிறது. அதே அளவில், உலோகப் படலம் இல்லாமல் கடினப் பூச்சால் செய்த மாற்றுக் கண்ணாடி தபால் செலவோடு எனக்கு 620 வெள்ளி ஆனது. பொருத்த அரைமணி நேரம் போதுமாயிருந்தது. பழையதைக் கழற்றிவிட்டு வெறுமனே பார்த்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரக் கூடாது, அது தடுத்துக்கொண்டிருந்த வெப்பம் நேரே விழித்திரைக்குப் போகும். மாற்றிய மறுநாள் காலை எட்டரை மணிக்கு, பனி விலகிச் சூரியன் செம்பனை மட்டைகளுக்கு மேலே ஏறியதும் பார்த்தேன். விளிம்பில் ஒரு சுவாலை, வேலி போல நெடுக நின்றிருந்தது. அண்டை வீட்டுப் பாட்டி, முன்னொரு காலத்தில் பால்மரம் சீவியவர், கண்வில்லையில் கண்ணை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவே இல்லை. “அசையுதாப்பா?” என்று கேட்டார். அசைகிறது, அரைமணி கழித்துப் பார்த்தால் வடிவம் மாறியிருக்கும் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய், சொன்னபடியே அரைமணியில் திரும்பி வந்தார். இந்தக் கருவி தரக்கூடிய காட்சிக்கு ஈடு நான் வாங்கிய வேறு எந்தப் பொருளிலும் இல்லை.

தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தார்: நெபுலா எடுப்பதற்காக விற்கும் 7 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டி மலிவாகக் கிடைக்கிறதே, அதைச் சூரியனுக்குப் போட்டால் என்ன? 7 நானோமீட்டர் என்பது 70 ஆங்ஸ்ட்ராம், நம் எட்டலானின் பட்டையைப்போல் நூறு மடங்கு அகலம். சுவாலையும் இழையும் ஒளிமண்டலம் எனப்படும் சூரிய மேற்பரப்பின் பெருவெளிச்சத்தில் கரைந்துபோகும். அதைவிட முக்கியம், அது சூரிய வெப்பத்தைத் தாங்கச் செய்ததன்று, கண்ணையும் காக்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டுமே எழுகிற குழப்பம் இது.

இத்தனை சொன்ன பிறகும் அவருக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். 1,900 வெள்ளி நல்ல விலைதான், கருவியும் நல்லதுதான், மாற்றுக் கண்ணாடியும் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் எடுக்கலாம் என்றே வரும். ஆனால் கணக்குப் போடும் மனநிலையில் நான் இல்லை. படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால், பிரான்சின் கிறிஸ்டியான் புயில் வடிவமைத்த சோலெக்ஸ் போல, மெல்லிய பிளவும் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியும் கொண்டு சூரியனைக் கோடு கோடாக வருடிப் படமாக்கும் சிறு கருவியைக் கட்டிக்கொள்ளட்டும். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் சூரியனைப் பதிவு செய்து வந்ததும் இந்த முறையில்தான். ஈரத்தில் கறுக்க அதில் அந்த உலோகப் படலம் இல்லை. பாட்டி வந்து கண் வைத்துப் பார்க்கவும் அதில் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீறி எடுப்பதானால், பணம் கொடுக்கும் முன் கண்வில்லையைக் கழற்றிக் கைவிளக்கு அடித்துப் பார்க்கட்டும். ஓரத்தில் சிறு கறை தெரிந்தாலும் 620 வெள்ளியைக் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். வாங்கிய அன்றே 40, 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் ஒன்றும் வாங்கிவிட வேண்டும். என்னுடையது இப்போது அதற்குள்தான் தூங்குகிறது.

கண்ணாடி மாற்றிய அன்று குறிப்பேட்டில் 7 என்று எழுதினேன். இன்று காலை 8. கிழக்கே மெல்லிய மேகம் இருந்தது, அதனால்தான் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.