மலிவு டேப்லெட்: புதிய ஆண்ட்ராய்டா, ஃபயரா, பழைய ஐபேடா?

மலிவாக ஒரு டேப்லெட் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், எத்தனை வருஷம் ஓட வேண்டும் என்றுதான் முதலில் கேட்பேன். திரை அளவும் விலையும் அப்புறம். மலிவு டேப்லெட்டுகள் கெட்டுப்போய் ஓய்வு பெறுவது குறைவு. திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும்போதே, ரேம் போதாமல் திணறியோ, அப்டேட் நின்றுபோய்ச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டோ மூலைக்குப் போய்விடுகின்றன. ஆகவே வாங்குகிற அன்று எது வேகமாக இருக்கிறது என்பதைவிட, மூன்றாம் வருஷம் எது இன்னும் கையில் இருக்கும் என்பதே என் அளவுகோல்.

போட்டியில் மூன்று பேர். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ஏ9 பிளஸ், ஷாவ்மியின் ரெட்மி பேட் எஸ்இ போன்ற, தெரிந்த நிறுவனங்களின் புதிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் ஒரு பக்கம். அமேசானின் ஃபயர் வரிசை இன்னொரு பக்கம். மூன்றாவது, ஒருவர் பயன்படுத்தி விற்கிற அல்லது சரிபார்த்து மறுவிற்பனைக்கு வருகிற ஐபேட், குறிப்பாக 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை.

நாலாவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது: பெயரே கேள்விப்படாத நிறுவனங்களின் டேப்லெட்டுகள். இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன், காரணத்தோடு. பெட்டியில் 12 ஜிபி ரேம் என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது 4 ஜிபி, மீதி 8 ஜிபி சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய 'விர்ச்சுவல்' ரேம். அந்தச் சேமிப்பிடம் பெரும்பாலும் மெதுவான இஎம்எம்சி வகை என்பதால் கடன் வாங்கியும் பெரிய பயன் இல்லை. 4கே வீடியோ ஓடும் என்பார்கள். அந்தக் கோப்பைத் திறக்க முடியும் என்பதுதான் அதன் பொருள், திரையில் அத்தனை பிக்சல் இருக்காது. படங்களைத் திருட்டு நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் ஏற்பாட்டின் உயர்நிலையான எல்1 சான்று இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் 480பி தரத்துக்கு மேல் படம் காட்டாது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு விஷயத்தைப் பொறுக்க முடியாது. 2023-இல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளிக்கொண்டுவந்த பேட்பாக்ஸ் விவகாரத்தில், சில ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளோடு ஒரு டேப்லெட் மாடலிலும், வாங்குபவர் கைக்கு வரும் முன்பே, சாதனத்தோடு பதிந்து வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள், வெளியாள் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஃபர்ம்வேரில் உட்கார்ந்திருப்பதை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போக்க முடியாது. ஏற்கெனவே அப்படி ஒன்று வாங்கிவிட்டவர்கள், பிளே ஸ்டோரின் அமைப்புகளில் கீழே போய், சாதனம் கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்றதா என்று பாருங்கள். இல்லை என்று வந்தால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அதில் வைக்காதீர்கள்.

சரி, மூவருக்கு வருவோம்.

வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் டேப்லெட்டுக்குக் கைபேசியிடம் இல்லாத நியாயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எழுத்தின் கூர்மை, பக்கத்தின் அளவு. கூர்மையில் ஐபேட் தனியாக நிற்கிறது. அதன் 10.2 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 264 பிக்சல். ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்இ இரண்டும் 11 அங்குலத்தில் 1920×1200, அதாவது ஏறக்குறைய 206. சின்ன ஏ9-இல் 179. 2022-இல் வந்த ஃபயர் 7-இல் 1024×600 மட்டுமே, கணக்குப் போட்டால் 170. எண்களாகப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. தமிழில் சிறிய எழுத்தில் ஒரு நீண்ட கட்டுரை படித்துப் பாருங்கள், மெய்யெழுத்தின் புள்ளியும் எகர ஏகாரக் கொம்புகளின் சுழியும் 170-இல் மங்கும். கண் அதை ஊகித்து ஊகித்தே களைத்துப்போகும். 200-ஐத் தாண்டினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடுகிறது.

பக்க அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐபேட் திரை 4:3 விகிதம், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெரும்பாலும் 16:10. ஒரு ஏ4 பக்கத்தின் ஸ்கேன் பிடிஎஃப்பை நிமிர்த்திப் பிடித்துத் திறந்தால், 11 அங்குல ஆண்ட்ராய்டில் பக்கத்தின் அகலம் சுமார் 5.8 அங்குலம்; 10.2 அங்குல ஐபேடிலும் அதே 5.8 அங்குலம்தான். இரண்டிலும் அசல் தாளின் 70 சதவீத அளவுக்குத் தெரியும். ஆக, 11 என்ற எண்ணுக்காக ஆண்ட்ராய்டு பக்கம் சாய வேண்டியதில்லை, ஐபேட் சின்னது என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் 8.7 அங்குல ஏ9-இல் அதே பக்கம் 54 சதவீதமாகச் சுருங்குகிறது. 7 அங்குல ஃபயரில் 43 சதவீதம். அரசாணைகள், பாடப்புத்தகங்கள், பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகள் படிப்பவருக்கு இந்த இரண்டும் சரிப்படாது, ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி நகர்த்த வேண்டிவரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும் மின்னூல்களுக்கு எட்டு அங்குலமே சுகம். ஒரு கையில் பிடித்து, படுத்துக்கொண்டும் படிக்கலாம்.

படம் பார்ப்பதில் கதை திரும்புகிறது. 16:10 திரையில் கறுப்புப் பட்டை குறைவு. ஏ9 பிளஸிலும் ரெட்மியிலும் நான்கு ஸ்பீக்கர்கள். ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இரண்டு, அதுவும் இரண்டும் ஒரே விளிம்பில். கிடையாகப் பிடித்துப் படம் பார்த்தால் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். இங்கே பெயர் சொன்ன மாடல்கள் எல்லாவற்றிலும் ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, அது ஒரு நிம்மதி.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒன்பதாம் தலைமுறை ஐபேடின் ஏ13 சிப் 2019-இன் ஐஃபோன் 11-இல் வந்தது. இன்றும் அன்றாட வேலைக்குச் சளைக்காது. ஏ9-இன் ஹீலியோ ஜி99 நல்ல நடுத்தரம். ரெட்மி பேட் எஸ்இயின் ஸ்னாப்டிராகன் 680 அதைவிட ஒரு படி கீழே, வாசிப்புக்கும் வீடியோவுக்கும் போதும். 2 ஜிபி ரேம் உள்ள ஃபயர் மாடல்களில், உலாவியில் நாலு தாவல் திறந்தால் முதல் தாவல் மறுபடி ஏற்றப்படும். ஆண்ட்ராய்டு பக்கம் 4 ஜிபி நிஜ ரேமுக்குக் கீழே இன்று எதையும் வாங்க வேண்டாம் என்பேன். விலை வித்தியாசம் உறுத்தினாலும் 6 ஜிபி இருந்தால் அதையே எடுங்கள். வாங்கிய பிறகு கூட்ட முடியாத உறுப்பு அது.

சேமிப்பிடத்தில் நிலைமை நேர் எதிர். ஆண்ட்ராய்டிலும் ஃபயரிலும் மைக்ரோ எஸ்டி அட்டை போட்டுப் புத்தகம், பாட்டு, படம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம். ஐபேடில் அட்டைக்கு இடமே கிடையாது. 64 ஜிபி என்றால் 64தான்.

ஃபயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாகக் கிடைப்பவற்றில் நம்பகமான நிறுவனத்தின் மிக மலிவான பொருள் பெரும்பாலும் இதுதான். அமேசான் ஒரு மாடலைப் புதிதாக விற்பதை நிறுத்திய பிறகும் குறைந்தது நான்கு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறது. மலிவுச் சாதனங்களில் இப்படி எழுத்தில் வருவது மதிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதன் இயங்குதளமான ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டின் மேல் கட்டப்பட்டதாயினும் கூகுள் பிளே அதில் இல்லை. அமேசானின் செயலிக் கடையில் இருப்பதுதான் கிடைக்கும். பூட்டுத் திரையில் விளம்பரம் வரும் மாடல்தான் மலிவு. விளம்பரத்தை நீக்கத் தனிப் பணம். பிளே ஸ்டோரைச் சுற்றுவழியில் ஏற்றுகிறார்கள், ஏற்றவும் முடிகிறது, ஆனால் வங்கிச் செயலிகள் அங்கே இயங்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. கிண்டில் நூல்கள், பிரைம் வீடியோ, குழந்தைகளுக்கான தனிக் கணக்கு, இந்த மூன்றோடு தேவை முடிகிறது என்றால் ஃபயர் நியாயமான தேர்வு. அதற்கு வெளியே ஒரே ஒரு செயலி அவசியம் என்றாலும் வேண்டாம்.

வீட்டில் பலர் பகிர்ந்துகொள்ளும் சாதனம் என்றால் ஆண்ட்ராய்டுக்கே என் ஓட்டு. சாம்சங் டேப்லெட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைக்கலாம்: பிள்ளையின் விளையாட்டு ஒரு பக்கம், அம்மாவின் மின்னஞ்சல் இன்னொரு பக்கம். ஐபேடில் வீட்டுப் பயனருக்கு அந்த வசதி இன்றுவரை இல்லை. வழிகாட்டும் வரைபடத்துக்காக வாங்குபவர்களுக்கும் ஒரு தகவல்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. ஏ9-இல் உண்டு.

எழுதவும் வரையவும் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஐபேட்தான். முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில் ஒன்பதாம் தலைமுறையோடு வேலை செய்யும். ஏ9 வரிசையில் சாம்சங்கின் எழுதுகோலான எஸ் பென் வேலை செய்யாது. இந்த ஐபேடில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு; பென்சில் முனைக்கும் கோட்டுக்கும் ஒரு சின்ன விலகல் தெரியும். குறிப்பெடுக்கும் மாணவருக்கு அது பழகிவிடும். அதே இடைவெளியால் ஒரு நன்மையும் இருக்கிறது: கண்ணாடி மட்டும் உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம்.

பழைய ஐபேட் வாங்கும்போது தலைமுறையைச் சரியாகப் பாருங்கள், வெளியிலிருந்து எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2017-இன் ஐந்தாம் தலைமுறை ஐபேட்ஓஎஸ் 16-இல் நின்றுவிட்டது, 2018-இன் ஆறாம் தலைமுறை 17-இல், 2019-இன் ஏழாம் தலைமுறை 18-இல். எட்டும் ஒன்பதும் 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-ஐப் பெற்றன. ஆறையும் ஏழையும் விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் நிறைய. படிக்க மட்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது, விற்பவரை எதிரிலேயே முழுதாக அழிக்கச் சொல்லி, வரவேற்புத் திரையிலிருந்து அமைத்துப் பாருங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் ஆக்டிவேஷன் லாக், அதாவது சாதனத்தை அந்தக் கணக்கோடு பிணைக்கும் பூட்டு, இன்னும் இருக்கிறது. தொலைநிலை மேலாண்மை என்று ஒரு திரை வந்தால் அது ஏதோ அலுவலகமோ பள்ளியோ கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் சாதனம். இரண்டில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். கைரேகை பதிகிறதா என்று பாருங்கள். ஹோம் பட்டனை மாற்றியிருந்தால் கைரேகை வேலை செய்யாது. பேட்டரியின் உடல்நிலையை இந்த மாடல் அமைப்புகளில் காட்டாது. ஐபேட் பேட்டரி 1000 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. ஆகவே அளவாகப் பயன்படுத்தியதில் பேட்டரி பயம் பெரிதாக வேண்டாம், ஆனாலும் அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் சார்ஜரிலேயே தொங்கவிடாதீர்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்துதான் லித்தியம் பேட்டரியை வயதாக்குகின்றன. சாம்சங்கில் குறிப்பிட்ட சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள். சேமிப்பிடத்தையும் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். இஎம்எம்சி நிரம்பினால் டேப்லெட் முழுவதும் தவழ ஆரம்பிக்கும்.

இத்தனைக்குப் பிறகு என் தேர்வு: தனி ஒருவருக்கு, படிக்கவும் எழுதவும் என்றால் நல்ல நிலையில் உள்ள ஒன்பதாம் தலைமுறை ஐபேட். குடும்பத்துக்கு, படம் பார்க்க என்றால் 11 அங்குல ஆண்ட்ராய்டு. ஆனால் ஒரு விஷயத்தில் ஆண்ட்ராய்டுக்கு உரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். ஐபேடில் இணையப் பக்கங்களைத் திறந்துகாட்டும் உலாவியின் உள் இயந்திரம் ஓஎஸ்ஸோடு பிணைந்தது. ஓஎஸ் அப்டேட் நின்றால், ஆப்பிள் சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தாலும், சஃபாரியும் வேறு பெயரில் வரும் உலாவிகளும் கூடவே பழசாகின்றன. ஆண்ட்ராய்டில் குரோம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுகிறது. 2017, 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 8, 9 பதிப்புகளை அது 2025-இல்தான் கைவிட்டது. உற்பத்தியாளர் மறந்துபோன ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இணையம் இன்னும் சில வருஷம் ஒழுங்காகத் திறக்கும். வங்கி வேலைக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், ஓஎஸ்ஸின் ஓட்டைகளை குரோம் அடைக்காது.

அந்தக் கட்டம் வந்ததும் பண விவகாரச் செயலிகளையும் முக்கிய மின்னஞ்சலையும் நீக்கிவிட்டு, இறக்கி வைத்த புத்தகங்களுக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். வேறு யாருக்காவது கொடுக்கிறீர்கள் என்றால், அழிப்பதற்கு முன்பே ஐபேடில் தொலைந்த சாதனத்தைத் தேடித்தரும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்துக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்குங்கள். வரிசை மாறினால் வாங்கிக்கொண்டவர் கையில் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும்.