தீம் பார்க்கில் ‘அளவில்லா மது’ பட்டை: கையில் கட்டும் முன் படித்துவிடுங்கள்

குடும்பத்தோடு போவதற்கு டிக்கெட் பதிவு செய்துகொண்டே வருவீர்கள். பணம் கட்டும் கடைசிப் படியில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கும்: ‘இன்னும் கொஞ்சம் சேர்த்தால் காலை 11 முதல் மாலை 4 வரை அளவில்லா பீர், காக்டெயில்’. அதைத் தொடாதீர்கள். ஏமாந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: குடித்ததும் அரைகுறை, ரைடு ஏறியதும் அரைகுறை, காசு மட்டும் முழுசாகப் போயிற்று. இது யாரோ ஒரு ஊழியரின் அலட்சியத்தால் நடப்பதில்லை. அந்தப் பேக்கேஜே அப்படித்தான் அமைகிறது.

நிபந்தனைகளைத் திறந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கப். அடுத்த கப்புக்கு அரை மணி நேரம் கழிய வேண்டும். பேக்கேஜுக்கு அடையாளமாகக் கையில் பட்டை கட்டியவர் நேரில் வந்து நிற்க வேண்டும், மனைவிக்கோ மச்சானுக்கோ வாங்கிக் கொடுக்கக் கூடாது. கப்போடு ரைடு வரிசைக்குள் நுழையக் கூடாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான விதிதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள். மதியம் பார் வரிசை கால் மணி நேரம், நல்ல ரைடுக்கு வரிசை முக்கால் மணி நேரம். இரண்டு வரிசையிலும் ஒருவரே நிற்க முடியாது. ரைடு வரிசையில் நின்றால் பட்டைக்குக் கொடுத்தது வீண், பாரில் நின்றால் நுழைவு டிக்கெட் வீண். இரண்டையும் விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்காதீர்கள்.

பெரிய ரைடுகளின் நுழைவாயில் குப்பைத் தொட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாதி பீர் மிச்சமிருக்கும் கப்புகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். தொட்டியில் போட மனசு வராதவர் அங்கேயே நின்று மடமடவென்று குடித்துவிட்டு வரிசைக்குள் போகிறார். வெறும் வயிற்றில் குடித்தது ரத்தத்தில் உச்சம் தொட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதாவது, சரியாக அவர் ரைடில் பெல்ட் போடும் நேரம்.

அங்கே இன்னொரு கூத்தும் காத்திருக்கும். பட்டையின் பளிச்சென்ற நிறம் பார்காரருக்கு மட்டும் அடையாளமில்லை, மேடைப் படிக்கட்டில் நிற்கும் ரைடு ஊழியர் கண்ணிலும் படும். படியேறும் நடை, பேச்சில் குழறல், வாடை, கண் சிவப்பு ஆகியவற்றைத்தான் அவர் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் இறக்கிவிடுவார். ‘மது அருந்தியவர்களுக்கு அனுமதியில்லை’ என்ற பலகை அநேகமாக எல்லா ரைடு வாசலிலும் உண்டு. ஊழியர் முடிவே இறுதியானது, பணம் திரும்பாது என்று டிக்கெட் நிபந்தனையிலும் இருக்கும். கூடுதல் காசு கொடுத்து விரைவு வரிசை வாங்கியிருந்தால் அதுவும் போச்சு. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் செய்வது சரி. குறை, அதே கையில் அந்தப் பட்டையைக் கட்டிவிட்ட கவுன்டர்மேல்தான்.

இனி கப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோடு போடாத பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால் அளவு என்பதே பேச்சளவுதான். 500 மி.லி. பீர் என்று பலகையில் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு நுரை நின்றால் கைக்கு வருவது 400. நுரை அடங்க இரண்டு நிமிடம் வைத்திருந்து, காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். பாட்டிலில்தான் அளவு அச்சடித்திருக்கிறதே. காக்டெயிலில் ஐஸ் இதே வேலையைச் செய்கிறது. கப்பை விளிம்பு வரை ஐஸால் நிரப்பினால் திரவத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. ‘ஐஸ் குறைவாக’ என்றாலும் ஆல்கஹால் அதிகமாகாது, ஜூஸ்தான் அதிகமாகும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஐஸைப் பற்றியது அல்ல: எத்தனை மி.லி. ஊற்றுகிறீர்கள், எந்த பாட்டிலிலிருந்து, அளவுக் குப்பியால் அளந்தா, கண்ணளவிலா?

முதல் உறிஞ்சலில் மட்டும் சுள்ளென்று இருந்து, பிறகு வெறும் சர்பத்தாகப் போகும் காக்டெயில் என்றால் ஸ்ட்ராவைக் கவனியுங்கள். ஸ்ட்ராவுக்குள்ளோ கப்பின் விளிம்பிலோ சில துளி மட்டும் விட்டு, உள்ளே பாதி அளவு ஊற்றுவது பழைய தந்திரம். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு நன்றாகக் கலக்கிக் குடித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். உங்கள் கண் முன்னால் ஊற்றாமல் தடுப்புக்குப் பின்னாலிருந்து நீட்டும் கடையில் வாங்கவே வேண்டாம்.

பாதி உறைந்த ஐஸ் பானமான ஸ்லஷ் ஊற்றும் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போவது காசு மட்டுமில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருக்குமே, அதுதான். ஆல்கஹால் கூடினால் கலவை உறையாது, தண்ணியாகவே நிற்கும். அதனால் தொட்டிக் கலவையை லேசாக வைத்துவிட்டு, ‘கூடுதல் ஷாட்’ என்று ஒரு சின்ன அளவு மதுவை மேலே ஊற்றித் தனியாகக் காசு பார்ப்பார்கள். ‘அளவில்லா’ பட்டையில் அந்த ஷாட் அநேகமாகச் சேராது. குளிரும் சர்க்கரையும் நாக்கை மரக்கச் செய்வதால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதும் தெரியாது.

பக்கத்துத் தொட்டியில் அதே நிறத்தில் குழந்தைகளுக்கான ஸ்லஷ் சுழலும். ஒரே கப், ஒரே ஸ்ட்ரா. கூட்ட நேரத்தில் இரண்டு கப்பும் ஒரே தட்டில் வரும், மேஜையில் கை மாறும். பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். குழந்தை சோர்ந்து சரிவது, முகம் சிவப்பது, தள்ளாடுவது, வாந்தி என்று எதைக் கண்டாலும் ‘வெயில்’ என்று விட்டுவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், ஒருக்களித்துப் பிடித்தபடி முதலுதவி அறைக்கு ஓடுங்கள். என்ன பானம், எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். கப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். மதுவுக்குத் தனி நிறக் கப், தனி கவுன்டர் வைத்திருக்கும் பூங்காவில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். அப்படி இல்லாத இடத்தில் குழந்தைக்கு மூடி திறக்காத பாட்டில் பானம் மட்டும் வாங்குங்கள்.

சுற்றும் ரைடில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திரவம், அதில் அசையும் ஜெல் போன்ற ஒரு சின்ன மடல். இரண்டின் அடர்த்தியும் சமமாக இருப்பதால், தலை திரும்பும்போது மட்டுமே மடல் அசையும். தலையைச் சும்மா சாய்த்தால் அசையாது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, முதலில் அந்த மடலுக்குள்தான் ஊறுகிறது. மடல் லேசாகி மிதக்கத் தொடங்கினால், தலையைச் சாய்த்தாலே மூளைக்கு ‘சுற்றுகிறோம்’ என்று செய்தி போகும். குடித்து அரை மணியில் தொடங்கும் இது மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும். பிறகு திரவமும் சமனாகி ஓர் இடைவெளி. அதன் பின் மடலிலிருந்து ஆல்கஹால் முதலில் வெளியேற, எதிர்ப்பக்கச் சுற்றல். ராத்திரி படுக்கையில் கட்டிலே சுழல்வது இதனால்தான். இந்த நிலையில் கப் அண்ட் சாஸரிலோ ராட்சத ஊஞ்சலிலோ உட்கார்ந்தால், வாந்தி வருமா என்று கேட்கவே வேண்டாம். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ஒருவர் எடுத்த வாந்திக்கு அந்த வண்டியைத் தனியே தள்ளி, கழுவி, துடைத்து, ஆளில்லாமல் ஒரு சோதனை ஓட்டம் விட்டுத்தான் திரும்பச் சேர்ப்பார்கள். அதுவரை, ஒரு சொட்டும் தொடாத குடும்பங்கள் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

ரோலர் கோஸ்டரில் சிக்கல் வேறு மாதிரி. பள்ளத்தின் அடியில் உடல் எடையின் 4 மடங்கு வரை அழுத்தம் வருவது சாதாரணம். ரத்தம் கால் பக்கம் இறங்கும், நாளங்கள் இறுகி அதைத் தடுக்க வேண்டும். ஆல்கஹால் நாளங்களைத் தளர்த்துகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கி உடல் நீரையும் வெளியேற்றுகிறது. வெயிலில் ஏற்கெனவே வியர்த்து ஊற்றியவருக்குக் கண் இருட்டிவர இது போதும். தோளை அழுத்தும் பிடிப்பும் மடிமேல் இறங்கும் தண்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒத்துழைக்கும் ஆளை நம்பிச் செய்தவை. அடுத்த வளைவுக்குக் கழுத்தை இறுக்குவது அரை நொடி தாமதித்தால் தலை பிடிப்பில் மோதும். அடிபட்டால் சிகிச்சைச் செலவுக்குப் பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள், மது அருந்திய நிலையில் நேர்ந்த காயத்தைப் பாலிசிகள் பொதுவாக விலக்கிவிடும்.

தண்ணீர்ப் பகுதியில் குடித்தவரைவிட அவர் கூட்டிவந்த குழந்தைக்குத்தான் ஆபத்து. மூழ்கும் குழந்தை கத்தாது, கையாட்டாது. ஒரு நிமிடத்துக்குள் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அலைக்குளத்தில் அலை வந்து போகும் சந்தடியில் லைஃப்கார்டுக்கும் சட்டென்று தெரியாது. நீச்சல் தெரியாத குழந்தை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்ப்பவர் ஒரு மிடறும் குடிக்காதவராக இருக்க வேண்டும். ‘நாம எல்லோரும் பாத்துக்கிட்டுதானே இருக்கோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

மதுவே விற்காத பூங்காவாகத் தேடிப் போகலாமே என்றால், அது குறைந்துகொண்டே வருகிறது. 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பொதுமக்களுக்கு மது கிடையாது. 1967-ல் வந்த தனி கிளப்பில் உறுப்பினர்களுக்கும் அவர்களின் விருந்தினர்களுக்கும் மட்டும். 1992-ல் மதுவில்லாமல் திறந்த பாரிஸ் டிஸ்னி பூங்கா மறு வருடமே ஒயினுக்கு வழிவிட்டது. ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2012-ல் ஒரே ஓர் உணவகத்தில், இரவுச் சாப்பாட்டோடு மட்டும் தொடங்கி, 2018-ல் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் அனைத்துக்கும் பரவியது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2019-ல் பொதுமக்களுக்கு ஒரு பார் வந்தது. டோக்கியோ டிஸ்னிலேண்டும் 2020-ல் தொடங்கிவிட்டது. ஆனால் இவற்றில் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. 2019-ல் திறந்த அந்த பாரில் ஆளுக்கு இரண்டு கப், முக்கால் மணி நேரம், கப்பை வெளியே கொண்டுபோக முடியாது என்று விதித்தார்கள். சாப்பாட்டோடு, நாற்காலியில், வேலிக்குள் விற்பது ஒரு வகை. தள்ளுவண்டியில் வைத்து, ரைடு வாசலுக்குப் பத்தடியில் விற்பது இன்னொரு வகை. பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது மது உண்டா என்று கேட்பதைவிட, எங்கே விற்கிறார்கள், கப்போடு நடக்கலாமா, கடைசிக் கப் பூங்கா மூட எவ்வளவு நேரத்துக்கு முன் என்று கேட்பதில் பயன் அதிகம்.

அந்தக் கடைசிக் கப் கணக்கையும் போட்டுவிடுவோம். மி.லி.யை சதவீதத்தால் பெருக்கி, 0.79-ஆல் பெருக்கி, நூறால் வகுத்தால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 500 மி.லி., 5 சதவீத பீர் என்றால் ஏறக்குறைய 20 கிராம். 60 மி.லி., 40 சதவீத ரம் அல்லது வோட்கா என்றால் 19. ஈரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். காபி, குளியல், நடை எதுவும் அதை விரைவுபடுத்தாது. 11 மணிக்குத் தொடங்கி நான்குக்குள் ஐந்து பீர் என்றால் 100 கிராம், மணிக்கு 8 என்று வைத்தாலும் முழுக்கக் கழிய இரவு 11 தாண்டும். பூங்கா ஆறு மணிக்கு மூடும். கார் சாவி யாரிடம் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொண்டு வர வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே பட்டை வாங்கிவிட்டவர்கள், கட்டிக்கொள்ளும் முன்பே ரத்து கேளுங்கள். ஒட்டிய பிறகு யாரும் திருப்பித் தருவதில்லை. ரொக்கமில்லா அட்டையில் பணம் ஏற்றச் சொன்னால், மிச்சம் திரும்புமா, எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்குள் என்று ஏற்றும் முன் கேளுங்கள். அளவு குறைந்தால் கப், விலைப்பலகை, நேரம் அச்சான பில் மூன்றையும் ஒரே படத்தில் எடுங்கள். பில்லில் மி.லி. போடவில்லை என்றால் அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். பார்காரரிடம் வாதாடாமல் பணியிலிருக்கும் மேலாளரைக் கூப்பிட்டு, புகார் எண் வாங்குங்கள். எடையளவுத் துறைக்குப் போவதென்றால் அந்த எண் தேவைப்படும். கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சில நாளில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.