நவம்பர் 1978 பேப்பர்க் கட்டைப் பைண்டிங் செய்து தந்த கடை

மட்டக்களப்பு கோட்டமுனையில் ஒரு சின்ன பைண்டிங் கடை. அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த 1978 நவம்பர் மாதத்துப் பேப்பர்க் கட்டை அங்கே கொடுத்தேன். தொட்டால் ஓரம் உதிர்கிற நிலை. லேமினேட் செய்து தாருங்கள் என்றுதான் கேட்டேன். கடைக்கார ஐயா மறுத்துவிட்டார். "சூட்டுல பிளாஸ்டிக் ஒட்டினா பிறகு கழட்டேலாது மனே, தாள் உள்ளுக்கையே கெட்டுப்போகும்" என்றார். லேமினேட்டுக்குக் கூடுதல் காசு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கோதுமை மாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கிறார். கிழிந்த இடங்களில் மெல்லிய தாள் ஒட்டி, நூலால் தைத்து, கலிக்கோ துணி அட்டை போட்டிருக்கிறார். இப்போது பயமில்லாமல் புரட்டலாம். இந்திரா காந்தி சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்ற செய்தி. 15ஆம் திகதி இரவு ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களோடு வந்த ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்கவுக்குக் கிட்டத் தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் இறந்தது. அப்புறம் கயானாவில் ஜோன்ஸ்டவுன்: ஒரு மதக் குழுவினர் 900 பேருக்கு மேல் விஷத்தால் இறந்தது. அப்பா அதற்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.

23ஆம் திகதி வியாழக்கிழமையோடு கட்டு நின்றுவிடுகிறது. அன்றிரவுதான் சூறாவளி. எங்கள் கல்லடி வீட்டு ஓடெல்லாம் பறந்தது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை அம்மா இன்றும் சொல்லுவா. கிழக்கில் 900 பேருக்கு மேல் இறந்தார்கள். பேப்பர் வரப் பாதையே இல்லை. அடுத்த தாள் 29ஆம் திகதியுடையது.

அந்த இடைவெளியைக் கவனித்தவர் கடைக்கார ஐயாதான். தைக்கும் முன் போன் எடுத்து, "அஞ்சு நாள் இல்லையே, வெறுந்தாள் வைக்கட்டா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அளவாக வெட்டி ஐந்து தாள் வைத்திருக்கிறார். இத்தனை வருடத்தில் எனக்கே தோன்றாத விஷயம் அது.

குறை ஒன்று உண்டு. ஓரத்தைச் சீராக வெட்டியதில் 17ஆம் திகதித் தாளின் மேல் வரி போய்விட்டது. பழைய தாள் கொடுப்பவர்கள் "ஓரம் வெட்ட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 3500 ரூபாய், பதினாறு நாள். அவசரப்படுத்த வேண்டாம்.

நேற்று முதல் வெறுந்தாளில் அம்மா சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினேன். 24ஆம் திகதி காலை, கிணற்றுக்குள் கிடந்த தகரத்திலிருந்து தொடங்கினா.