ராயல் கிராமா என்று சொல்லி டாட்டிபேக்கை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

கடல்நீர்த் தொட்டிக்கு ராயல் கிராமா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்று இருக்கிற மீனெல்லாம் ராயல் கிராமா இல்லை. அதே நிறத்தில் பைகலர் டாட்டிபேக் என்று இன்னொன்று இருக்கிறது. நான் கேட்டது கிராமா, பில்லில் எழுதியதும் கிராமா. பையில் போட்டுக் கொடுத்தது டாட்டிபேக்.

விட்ட புதிதில் பாறை இடுக்கிலேயே கிடந்தது. அப்புறம் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டது. ஏற்கெனவே தொட்டியில் இருந்த ஃபயர்ஃபிஷ் என்ற மீன் தீனிக்கு வெளியே வந்தாலே அதன்மேல் பாய்ந்து கடித்தது. துடுப்பு கிழிந்து, மேல்மட்டத்தில் ஒரு மூலையில் ஒண்டியே நின்ற அந்தச் சாது மீன் கடைசியில் மூடியின் இடைவெளி வழியாகத் துள்ளி வெளியே விழுந்து செத்துப்போனது. ஓடு கழற்றியிருந்த பெப்பர்மின்ட் இறாலும் தப்பவில்லை.

படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "ரெண்டும் ஒரே ரகம்தான், பழகினா அடங்கிடும்" என்றார். ஒரே ரகம் இல்லை. கிராமா கரீபியன் கடல் மீன், டாட்டிபேக் மேற்கு பசிபிக் மீன், குடும்பமே வேறு. அடங்கவும் அடங்காது, இடம் பழகப் பழக இன்னும் துணிச்சல்தான் வரும். உயிர் மீனைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார். நல்ல மீனை மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அதைச் சொல்லலாம், வேறு மீனைக் கொடுத்துவிட்டு எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாங்கும்போது கண்ணாடிக்கு அருகில் நின்று நிதானமாகப் பாருங்கள். கிராமாவில் ஊதா நிறம் நடுவில் புள்ளிபுள்ளியாகக் கலைந்து மெல்ல மஞ்சளாகும். டாட்டிபேக்கில் கோடு போட்டு வெட்டியது போலச் சட்டென்று மாறும். கிராமாவின் முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், கண்ணின் குறுக்கே கருங்கோடு ஓடும். டாட்டிபேக்குக்கு அந்தப் பொட்டு கிடையாது, துடுப்புகளும் பெரும்பாலும் நிறமற்று இருக்கும். துடுப்பை விரிக்கும்வரை காத்திருங்கள்.

கிராமாவும் தன் பொந்தைக் காக்கிற மீன்தான். ஆனால் பெரும்பாலும் வாயை அகலத் திறந்து மிரட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். சிறிய தொட்டியில் இன்னொரு கிராமாவைச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வலையோடு துரத்தாதீர்கள், பாறைக்குள் போய்விடும். நான் பாறைகளை வெளியே எடுத்துத்தான் பிடித்தேன், அதில் ஒட்டி வளர்ந்திருந்த பவளம் உடைந்துபோனது. முதலில் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, உள்பக்கமாகத் திருப்பிச் செருகி, இறால் துண்டு வைத்துப் பாருங்கள். காலையில், தீனி போடுவதற்கு முன் வைத்தால் பசிக்கு உள்ளே வரும்.

பில்லில் 'கிராமா லொரேட்டோ' என்று அறிவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். மீன் மாறியிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.