வயது முத்திரை: எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது

கூகுள் பிளே கடையில் விளையாட்டுச் செயலிகளின் பெயருக்கு அருகே 3, 7, 12, 16, 18 என்று காணப்படும் வயது முத்திரையைப் பெற்றோருக்கான ஒரு சேவையாகவே கருதி, சில வாரங்கள் அதை மட்டும் நம்பி விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன்.

இந்த முத்திரைக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் விளையாட்டுத் துறை தானே அமைத்துக்கொண்ட அமைப்புகள். வீடியோ விளையாட்டுகளில் வன்முறை மிகுந்துவிட்டதாக 1993இல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியபோது, சட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சிய நிறுவனங்கள் எந்த விளையாட்டு எந்த வயதினருக்கு ஏற்றது என்று தரம் பிரிக்கும் இஎஸ்ஆர்பி என்ற அமைப்பை அடுத்த ஆண்டே நிறுவின; ஐரோப்பாவுக்கான பெகி 2003இல் வந்தது. பெயருக்கு இயங்கும் அமைப்புகள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. 2005இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டின் நிரலுக்குள் மறைந்திருந்த பாலியல் காட்சி வெளிப்பட்டதும், அதன் தரத்தை இஎஸ்ஆர்பி ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று உயர்த்தியது, பெரிய கடைகள் அதன் விற்பனையை நிறுத்தின.

ஆனால் அது விளையாட்டுகள் வட்டுகளில் விற்ற காலம். செயலிகள் பெருகிய பின், இத்தகைய தர அமைப்புகள் சேர்ந்து 2013இல் தொடங்கிய ஐஏஆர்சி என்ற பொது முறையில், உருவாக்குநர் ஒரு வினாப்பட்டியலை நிரப்பினால் உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தரம் உடனே தானாகக் கிடைத்துவிடுகிறது. தவறான விடையைக் கண்டால் தரத்தை மாற்றும் அதிகாரம் அமைப்புகளுக்கு உண்டு என்றாலும், அதற்குள் அந்தச் செயலி எத்தனையோ கைபேசிகளில் ஏறியிருக்கும்.

வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியவற்றைப் பொறுத்தவரை முத்திரை என்னை ஏமாற்றவில்லை. ஐந்துக்கு நான்கு தருவேன். என் மனக்குறை வேறு. 7 என்று குறிக்கப்பட்ட, பொம்மை வீடு கட்டும் ஒரு விளையாட்டில் நுழைந்த கால் மணி நேரத்திற்குள், முகம் தெரியாத ஒருவர் என் வயதைக் கேட்டு, வேறொரு உரையாடல் செயலிக்கு வரும்படி அழைத்தார். விளையாட்டில் ரத்தமும் இல்லை, வசையும் இல்லை. எனவே முத்திரையும் பொய் சொல்லவில்லை. திரையில் என்ன தோன்றும் என்பதைத்தான் அந்த எண் அளக்கிறதே தவிர, திரைக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பதை அல்ல.

பணம் பறிபோகும் வழிகளைச் சொல்லத் துறை கொஞ்சம் முன்வந்திருக்கிறது: விளையாட்டுக்குள் வாங்கும் வசதி பற்றிய குறிப்பை 2018இலும், எது கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகள் பற்றிய குறிப்பை 2020இலும் சேர்த்தார்கள். அந்நியருடன் உரையாடலாம் என்பதற்கும் ‘பயனர்கள் ஊடாடலாம்’ என்றொரு குறிப்பு இருக்கத்தான் செய்கிறது; ஆனால் பெரும்பாலும் அது வயது எண்ணைக் கூட்டுவதில்லை. நான் பார்த்த விளையாட்டில் அது விவரப் பகுதியை விரித்து, கீழே இறங்கித் தேடிய பிறகுதான் சிறிய எழுத்தில் கண்ணில் பட்டது.